பீலித் தண்ணீரும் பிள்ளையின் வாசிப்பும்

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நின்று, வருகிற பஸ்ஸின் நெற்றியைப் பார்க்கிறோம். மூன்று மொழிகளில் ஊர்ப்பெயர் எழுதியிருக்கிறது. தமிழ் வாசித்துப் பழகிய பெரியவருக்குக் 'கட்டுகஸ்தோட்டை' என்ற சொல் கண்ணில் படுவதும் அந்த ஊர் மனதில் வந்து நிற்பதும் ஒரே கணத்தில் நடந்துவிடுகின்றன. வாசிக்காமல் இருந்து பார்ப்போம் என்று முயன்றாலும் முடியாது. அவர் கையைப் பிடித்து நிற்கும் இரண்டாம் தரத்துப் பிள்ளைக்கு அது ஒரு சொல்லே அல்ல, எட்டு எழுத்துகள். க, ட், டு என்று ஒவ்வொன்றாய்த் தொட்டு, கொம்பும் காலும் போட்ட 'தோ'வில் தயங்கி, 'டை'க்கு வந்து சேர்வதற்குள் பஸ் போய்விடும். அந்த ஊரைப் பிள்ளை அறியாமலில்லை. வாய்ச்சொல்லாகக் கேட்டிருந்தால் உடனே புரிந்திருக்கும். இன்னொரு புதிரும் இதோடு சேர்ந்து வருகிறது. தவணை முடிகிற வாரத்தில் பாடப்புத்தகத்தை ஓரளவு தடங்கலில்லாமல் வாசித்த பிள்ளை, பெரஹர விடுமுறை முடிந்து திரும்பும்போது அதே பக்கத்தில் இடறுகிறது. மூன்று வாரம் பேசாமல் இருந்தாலும் பேச்சு மறப்பதில்லை. மூன்று வாரம் தொடாவிட்டாலும் சைக்கிள் மறப்பதில்லை. வாசிப்பு மட்டும் ஏன் இப்படி நழுவுகிறது?

பேச்சும் வாசிப்பும் நமக்கு வந்த வழி ஒன்றல்ல என்பதிலிருந்து இதற்கான விடையைத் தொடங்க வேண்டும். சுற்றி இருப்பவர்கள் பேசினாலே போதும், எந்தக் குழந்தையும் பேசிவிடும். அதற்கென வகுப்பு வைத்த சமூகம் உலகில் இல்லை. எழுத்து அப்படியல்ல. மனிதர் எழுதத் தொடங்கி ஐயாயிரம் ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. அதற்கென்று மூளையில் தனி உறுப்பு ஒன்று உருவாக அந்தக் காலம் போதாது. ஆகவே ஒவ்வொரு பிள்ளையின் மூளையும் வேறு வேலைக்கு இருந்த ஓர் இடத்தை எழுத்துக்காக மாற்றி அமைத்துக்கொள்கிறது. பிரான்ஸ் நாட்டு நரம்பியல் ஆய்வாளர் ஸ்தனிஸ்லாஸ் தெகான் குழுவினர் 2010இல் இதைப் படம்பிடித்துக் காட்டினார்கள். பிரேசிலிலும் போர்த்துக்கலிலும் 63 பெரியவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். அவர்களில் சிலர் சிறுவயதில் பாடசாலை சென்றவர்கள், சிலர் வளர்ந்த பிறகு எழுத்தறிந்தவர்கள், சிலர் எழுத்தே அறியாதவர்கள். வாசிக்கத் தெரிந்தவர்களிடம், முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணும் பகுதிக்குப் பக்கத்தில், மூளையின் இடப்பக்கத்தின் அடியில் ஒரு சிறு பகுதி எழுத்தைக் கண்டதும் விழித்தெழுந்தது. இதைச் 'சொல்வடிவப் பகுதி' என்று சொல்லலாம். வளர்ந்த பிறகு கற்றவர்களிடமும் அது உருவாகியிருந்தது என்பதுதான் அந்த ஆய்வில் மிக முக்கியமான செய்தி. அந்தப் பகுதியைக் கட்டியது வயதோ பிறப்போ அல்ல, பயிற்சி.

அந்தப் பயிற்சி எதைச் செய்கிறது? தேயிலைத் தோட்டத்தில் பீலியிலிருந்து உள்ளங்கையில் தண்ணீர் ஏந்தி லயத்துக்குக் கொண்டுவரும் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். விரைந்து வந்தால் பாதித் தண்ணீராவது வீடு சேரும். ஒவ்வோர் அடிக்கும் நின்று நின்று வந்தால் விரலிடுக்கில் எல்லாம் ஒழுகிவிடும். மனதுக்குள்ளும் அப்படி ஓர் உள்ளங்கை உண்டு. இப்போது கேட்டதை, இப்போது பார்த்ததை, சில நொடிகளுக்கு மட்டும் ஏந்தி வைத்திருக்கும் அதனைச் 'செயல்நினைவு' என்கிறார்கள். அதன் கொள்ளளவு சிறியது, ஒழுகும் தன்மையும் கொண்டது. 'பறவைகள் மரத்தில் கூடு கட்டிக்கொண்டிருந்தன' என்ற வாக்கியத்தை எழுத்தெழுத்தாய்க் கூட்டி வாசிக்கும் பிள்ளை, கடைசிச் சொல்லின் முடிவுக்கு வரும்போது பறவைகள் ஒழுகிப் போயிருக்கும். என்ன வாசித்தாய் என்று கேட்டால் விழிக்கும். அறிவில்லாமல் அல்ல, வேகமில்லாமல். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் லபெர்ஜ், சாமுவேல்ஸ் என்ற இருவர் 1974இல் இதைத் தெளிவாக எடுத்துவைத்தார்கள். எழுத்தை அடையாளம் காணும் வேலை கவனத்தைக் கேட்காமல் தானாக நடக்கும் நிலைக்கு வந்தால்தான், மிஞ்சிய கவனம் பொருளுக்குப் போகும். இந்த நிலைக்குத் 'தன்னியக்கம்' என்று பெயர் வைப்போம். பஸ் பலகையை வாசிக்காமல் இருக்க நம்மால் முடியாதது இதனால்தான். 1935இல் ஸ்ட்ரூப் என்பவர் இதை எளிய சோதனையில் காட்டினார். சிவப்பு மையில் 'பச்சை' என்று எழுதி, மையின் நிறத்தை மட்டும் சொல்லச் சொன்னால் வாசிக்கத் தெரிந்த எவரும் தடுமாறுவார். சொல் முந்திக்கொண்டு வந்து நிற்கும்.

இந்தத் தன்னியக்கம் வந்து சேரத் தமிழில் எவ்வளவு காலமாகும் என்பதை யோசிக்கும்போது, ஆங்கிலக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. ஆங்கிலப் பிள்ளைக்கு எழுத்து 26, ஆனால் ஒலிக்கும் முறையில் ஒழுங்கு குறைவு. தமிழ்ப் பிள்ளைக்கு எழுத்து 247, ஒழுங்கு அதிகம். ஒழுங்கு அதிகம் என்பதால் சுலபம் என்று நாம் எண்ணிவிடுகிறோம். பெங்களூரில் கன்னடம் கற்கும் பிள்ளைகளை ஆராய்ந்த சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட முடிவு நம்மை நிதானிக்க வைக்கிறது. ஆங்கிலம் போன்ற எழுத்துமுறைகளில் முதல் ஓரிரு ஆண்டுகளில் முடிந்துவிடும் எழுத்தறிமுகம், உயிர்மெய் எழுத்துமுறையில் நான்காம் வகுப்பு வரை நீள்கிறது என்று அவர் கண்டார். தமிழும் அதே குடும்பத்து எழுத்துமுறைதான். உகரக் குறியை மட்டும் பாருங்கள். கு, சு, டு, பு, மு, ரு என ஒரே குறி பல வடிவங்களில் வருகிறது. 'தோ'வில் கண் முதலில் சந்திப்பது கொம்பை, ஆனால் வாய் முதலில் சொல்ல வேண்டியது தகரத்தை. ஹிந்தியில் மெய்க்கு முன்னால் எழுதப்படும் இகரக் குறி வாசிப்பைத் தாமதப்படுத்துகிறது என்று 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. கண்டிப் பிள்ளைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 'கட்டுகஸ்தோட்டை'யில் வரும் இரண்டு ககரங்களில் முதலாவது வல்லொலி, இரண்டாவது மெல்லொலி. சிங்களப் பலகையில் அவை வேறு வேறு எழுத்துகள், தமிழில் ஒரே எழுத்து. எங்கே எந்த ஒலி என்பதை இடத்தைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். அந்த முடிவு தானாக வர, அப்படிப்பட்ட சொற்களைப் பல முறை வாசித்திருக்க வேண்டும். வேறு குறுக்குவழி இல்லை.

பல முறை என்றால் எத்தனை முறை? இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. இஸ்ரேலைச் சேர்ந்த டேவிட் ஷேர் 1999இல் வெளியிட்ட சோதனையில், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சிறு கதைகளை ஹீப்ருவில் வாசிக்கக் கொடுத்தார். கதையில் உலகில் இல்லாத ஓர் ஊரின் பெயர் போன்ற கற்பனைச் சொல் நான்கு முதல் ஆறு தடவை வரும். யாரும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. மூன்று நாள் கழித்து, அதே ஒலியைத் தரும் வேறு எழுத்துக்கூட்டலோடு கலந்து காட்டியபோது, பிள்ளைகள் தாம் வாசித்த வடிவத்தையே அடையாளம் கண்டார்கள், அதை விரைவாகவும் வாசித்தார்கள். தானே முயன்று எழுத்துக்கூட்டி வெற்றிபெறும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல்லின் வடிவம் மனதில் பதிகிறது. 'தானே கற்றல்' என்பது அவர் அதற்கு வைத்த பெயரின் பொருள். ஆசிரியை கற்பிப்பது எழுத்தை. சொற்களைப் பிள்ளை தனக்குத்தானே கற்பித்துக்கொள்கிறது, வாசிக்கும்போதெல்லாம். இங்கேதான் விடுமுறையின் சிக்கல் விளங்குகிறது. தோட்டத்து மலைச்சரிவில் ஆட்கள் நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதையை மழைக்காலத்தில் இரண்டு வாரம் யாரும் மிதிக்காவிட்டால் மானாப்புல் மூடிவிடும். தார் போட்ட கண்டி வீதி இரண்டு வாரம் வெறிச்சோடினாலும் அப்படியே கிடக்கும். பேச்சு தார்வீதி. பெரியவரின் வாசிப்பும் தார்வீதி. ஒன்றாம் இரண்டாம் தரத்துப் பிள்ளையின் வாசிப்பு இன்னும் ஒற்றையடிப் பாதைதான். பாதை அழிந்துவிடவில்லை, மறுபடி நடந்தால் தெரியும். ஆனால் அதைத் தேடிக் கண்டுபிடிப்பதிலேயே புதிய தவணையின் முதல் வாரங்கள் கழிகின்றன.

பாதை உண்மையில் மூடுகிறதா, மூடுவதாக நாம் நினைக்கிறோமா என்பதைத் தீர்மானிப்பது எளிதல்ல. இந்தத் துறையின் சர்ச்சையை வாசகருக்கு மறைப்பது நியாயமாகாது. அமெரிக்காவில் கோடை விடுமுறை சுமார் இரண்டரை மாதம் நீளும். 1978இல் பார்பரா ஹெய்ன்ஸ் அட்லாண்டா நகரப் பிள்ளைகளை விடுமுறைக்கு முன்னும் பின்னும் சோதித்து, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கும் இடையிலான தூரம் பாடசாலைக் காலத்தைவிட விடுமுறையில்தான் கூடுகிறது என்று எழுதினார். 1996இல் ஹாரிஸ் கூப்பர் குழுவினர் 39 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, சராசரியாக ஒரு மாதப் படிப்பு அளவுக்கு இழப்புத் தெரிந்தது. வாசிப்பில் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் இழக்கவில்லை, ஏழைப் பிள்ளைகள் இழந்தார்கள். பால்ட்டிமோர் நகரில் சுமார் 800 பிள்ளைகளை 1982 முதல் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள் இதைத் தண்ணீர்க் குழாய்க்கு ஒப்பிட்டார்கள்: பாடசாலை நடக்கும்போது குழாய் எல்லாருக்கும் திறந்திருக்கும், மூடியதும் வீட்டில் தொட்டி உள்ளவருக்கு மட்டும் தண்ணீர். ஆனால் 2019இல் பால் வான் ஹிப்பல் இந்தக் கதையின் அடித்தளத்தைத் தட்டிப் பார்த்தார். பழைய பரீட்சைகளின் புள்ளியிடும் முறையே அந்த இடைவெளியைப் பெரிதாக்கிக் காட்டியது, புதிய அளவுகோல்களில் விடுமுறையில் இடைவெளி அவ்வளவாகக் கூடவில்லை என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஏழைப் பிள்ளைகள் மட்டுமே இழக்கிறார்கள் என்று இன்று உறுதியாகச் சொல்ல முடியாது. இருதரப்பாரும் மறுக்காத ஒன்று மிஞ்சுகிறது: பாடசாலை நாட்களில் ஏறிக்கொண்டிருந்த வாசிப்பு, விடுமுறையில் ஏறுவதை நிறுத்துகிறது அல்லது மிக மெதுவாகிறது. இறங்குகிறதா நிற்கிறதா என்பதுதான் தகராறு. இப்போதுதான் வாசிக்கத் தொடங்கிய பிள்ளைக்கு நிற்பதே பெரிய நட்டம்.

அமெரிக்கக் கணக்கு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கண்டியில் கோடை விடுமுறை என்று ஒன்று கிடையாது. ஆண்டு மூன்று தவணையாகப் பிரிந்து, வழமையாகச் சித்திரைப் புத்தாண்டையொட்டி ஏப்ரலிலும், பிறகு ஓகஸ்டிலும், ஆண்டு முடிவில் டிசம்பரிலும் பாடசாலை மூடுகிறது. ஓகஸ்ட் விடுமுறையோடு கண்டி நகரில் எசல பெரஹரவும் சேர்ந்துகொள்ளும். அக்குறணை, மடவளைப் பக்கத்து முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாத விடுமுறைதான் நீண்டது. துண்டு துண்டான விடுமுறை என்பது ஒருவகையில் நமக்கு வாய்த்த நன்மை. ஆனால் பிள்ளைகள் பாடசாலையே காணாமல் நீண்ட காலம் வீட்டிலிருந்தால் என்னவாகும் என்பதற்குத் தமிழ்ப் பிள்ளைகளிடமிருந்தே நமக்குச் சான்று கிடைத்துவிட்டது. கொரோனாக் காலத்தில் தமிழ்நாட்டின் தொடக்கப் பள்ளிகள் 2020 மார்ச்சில் மூடி 2021 நவம்பர் 1ஆம் திகதிதான் திறந்தன. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூவர், கொரோனாவுக்கு முன்பே அளந்து வைத்திருந்த கிராமங்களுக்குத் திரும்பிப் போய், சுமார் 19,000 சிறுவர்களைச் சோதித்தார்கள். கணக்கில் பெரும் சரிவு, தமிழில் அதைவிடக் குறைந்த ஆனால் தெளிவான சரிவு. பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் அந்தச் சரிவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. மீண்டதில் கால்பங்கு அளவுக்கு 'இல்லம் தேடிக் கல்வி'யின் பங்கு என்று கணக்கிட்டார்கள். அது மாலை நேரத்தில் ஊர்த் தன்னார்வலர் ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண், திண்ணையிலோ முற்றத்திலோ சில பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த திட்டம். புல் மூடிய பாதை மீண்டும் திறக்கும், யாராவது கூட நடந்தால்.

யார் கூட நடப்பது என்பதில்தான் இந்தக் கட்டுரையின் வாதம் நிற்கிறது. வாசிப்புப் பயிற்சி என்றாலே கற்பிக்கத் தெரிந்தவர் வேண்டும், ஆகவே படித்த பெற்றோருக்கும் டியூஷன் மாஸ்டருக்கும்தான் அது முடியும் என்று நம்புகிறோம். லண்டனின் ஹாரிங்கே வட்டாரத்தில் டிசார்ட், ஷோஃபீல்ட், ஹியூசன் ஆகிய மூவர் நடத்தி 1982இல் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கையை அசைக்கிறது. தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த பகுதி அது. பெற்றோரில் பலர் வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள், சிலருக்கு ஆங்கிலமே சரியாக வராது, சிலருக்கு எழுத்தே தெரியாது. சில வகுப்புகளில் பிள்ளைகள் பாடசாலைப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெற்றோருக்கு வாசித்துக்காட்ட வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். வேறு சில வகுப்புகளுக்குத் தேர்ந்த ஆசிரியை ஒருவரை மேலதிகமாகக் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில், வீட்டில் வாசித்துக்காட்டிய பிள்ளைகள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். மேலதிக ஆசிரியை கிடைத்த பிள்ளைகளிடம் அந்த அளவு முன்னேற்றம் இல்லை. எழுத்தறியாத தாய் எந்தத் தவற்றையும் திருத்தியிருக்க முடியாது. ஆனால் அவர் கேட்டுக்கொண்டிருந்ததால் பிள்ளை வாசித்தது. வாசித்ததால் தானே கற்றது. ஷேர் சொன்ன பொறிமுறை அங்கே வேலைசெய்திருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

இந்த ஆய்வை அளவுக்கு மீறி உயர்த்திப் பேசவும் கூடாது. சில ஆண்டுகள் கழித்து வெளிவந்த பீட்டர் ஹானனின் ராச்டேல் நகர ஆய்வில், அதேபோன்ற முயற்சியால் பரீட்சைப் புள்ளிகள் அவ்வளவாக உயரவில்லை. 2008இல் செனஷால், யங் என்ற கனடிய ஆய்வாளர்கள் 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது ஒரு படிநிலை வெளிப்பட்டது. எழுத்தையும் ஒலியையும் குறிப்பிட்ட பயிற்சிகளால் சொல்லிக்கொடுக்கப் பெற்றோரைப் பழக்கினால் பலன் மிக அதிகம். பிள்ளை வாசிப்பதைப் பெற்றோர் கேட்டால் அதில் ஏறத்தாழப் பாதி. பெற்றோர் பிள்ளைக்கு வாசித்துக்காட்டினால் பலன் இன்னும் குறைவு. அப்படியானால் கேட்பதைவிடக் கற்பிப்பதே மேல் என்று ஒருவர் வாதிடலாம். கற்பிக்கக் கூடியவர் கற்பிக்கட்டும், அதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் காலையில் மலையேறிக் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு மாலை திரும்பும் தாயிடம் பயிற்சிக் கையேட்டைக் கொடுத்து இதைச் செய் என்பது நடைமுறையல்ல. சமைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளை வாசிக்கட்டும், நீங்கள் கேட்டால் போதும் என்பது நடக்கக்கூடியது. பாதிப் பலன் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேருவது, முழுப் பலன் சில வீட்டோடு நின்றுபோவதைவிடப் பெரிது.

கேட்கும் முறையில் சில நுணுக்கங்கள் உண்டு. முதலாவது நேரம். எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் 1885இல் தன்னையே சோதித்து எழுதியதிலிருந்து இன்றுவரை நூற்றுக்கணக்கான சோதனைகள் ஒன்றையே சொல்கின்றன: ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் செய்த பயிற்சியைவிட, அதே இரண்டு மணியைப் பன்னிரண்டு நாளுக்குப் பத்துப் பத்து நிமிடமாகப் பகிர்ந்து செய்வது மனதில் நெடுநாள் நிற்கும். 'இடைவெளிப் பயிற்சி' எனலாம். விடுமுறையின் கடைசி வாரத்தில் பிள்ளையைப் பிடித்து உட்காரவைத்துப் புத்தகம் முழுவதையும் வாசிக்கவைப்பது, வாடிய செடிக்கு ஒரு நாளில் ஒரு மாதத் தண்ணீரை ஊற்றுவதற்கு ஒப்பாகும். இரண்டாவது, புத்தகம். பத்துச் சொல்லில் ஒன்றுக்கு மேல் இடறினால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம், இன்னும் எளிதானது வேண்டும் என்பது ஆசிரியர்கள் கைக்கொள்ளும் ஒரு வசதியான அளவு. மூன்றாம் தரத்துப் பிள்ளை ஒன்றாம் தரத்துப் புத்தகத்தை எடுத்தால் பெற்றோருக்கு மனம் சுருங்குகிறது. சுருங்க வேண்டியதில்லை. ஏற்கெனவே வாசித்த கதையையே நான்காம் முறை கேட்டாலும் கொடுங்கள், தன்னியக்கம் வளர்வது அங்கேதான். மூன்றாவது, பொறுமை. பிள்ளை இடறும் இடத்தில் உடனே சொல்லிக்கொடுத்தால் தானே கற்கும் வாய்ப்பைப் பறிக்கிறோம். ஐந்து விநாடி காத்திருக்கலாம். அதன் பிறகும் வராவிட்டால் சொல்லிவிட்டு மேலே போகலாம். வாசித்து முடித்ததும் கதையில் என்ன நடந்தது என்று ஒரு கேள்வி. எழுத்தறியாத பாட்டிகூடக் கேட்கக்கூடிய கேள்வி அது. உள்ளங்கையில் தண்ணீர் மிஞ்சியதா என்பதை அது ஒன்றே காட்டிவிடும்.

செனஷால், யங் வரிசையில் கடைசியில் நின்ற 'பிள்ளைக்கு வாசித்துக்காட்டுதல்' தமிழில் அவ்வளவு கீழே நிற்க வேண்டியதில்லை என்பது என் கணிப்பு. காரணம், நம்முடைய 'இரட்டை வழக்கு'. வீட்டில் பிள்ளை கேட்பது 'வீட்டுக்குப் போயிட்டாங்க'. புத்தகத்தில் இருப்பது 'வீட்டிற்குச் சென்றுவிட்டார்கள்'. தெல்தோட்டைத் தோட்டப் பேச்சானாலும் அக்குறணை முஸ்லிம் வீட்டுப் பேச்சானாலும் இந்தத் தூரம் உண்டு. ஆகவே பிள்ளை சரியாக எழுத்துக்கூட்டி 'சென்றுவிட்டார்கள்' என்று வந்து சேர்ந்தாலும், காதுக்குப் பழகாத சொல் என்பதால் சரியாகத்தான் வாசித்தோமா என்று அதற்கே தெரிவதில்லை. இதே நிலை அரபு மொழியிலும் உண்டு. ஷேர் உட்படச் சில ஆய்வாளர்கள் 1993இல் வெளியிட்ட ஆய்வில், அரபு பேசும் பாலர் வகுப்புகளில் ஆசிரியைகள் சில மாதங்கள் நாள்தோறும் எழுத்து அரபுக் கதைகளை வாசித்துக்காட்டினார்கள். எழுத்து மொழி சின்னப் பிள்ளைகளுக்குப் புரியாது என்று அதுவரை பலர் தயங்கியிருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் கதையைப் புரிந்துகொள்வதிலும் தாமே சொல்வதிலும் மற்றவர்களை முந்தினார்கள். தமிழிலும் இப்படித்தான் நடக்கும் என்று எதிர்பார்க்க நல்ல காரணம் இருக்கிறது. வாசிக்கத் தெரிந்த அண்ணனோ அக்காவோ தினமும் ஒரு கதையைப் புத்தகத்தில் உள்ளபடியே, பேச்சுத்தமிழுக்கு மாற்றாமல் வாசித்துக்காட்டட்டும். எழுத்துத்தமிழின் ஓசை காதில் இருந்தால் கண் அதைத் தேடிப்பிடிக்கும்.

விடுமுறை விளையாடத்தானே, அதையும் பாடமாக்குவதா என்ற மறுப்பை நான் மதிக்கிறேன். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையை மூன்றாம் தரத்திலிருந்தே பிள்ளைகளின் தலையில் ஏற்றி, விடுமுறையின் காலையும் மாலையும் டியூஷன் வகுப்புகளால் நிரப்பும் வழக்கத்தை யாரும் ஆதரிக்கக்கூடாது. அந்த வகுப்புகளில் நடப்பது பெரும்பாலும் மாதிரி வினாத்தாள். அது வாசிப்புப் பயிற்சியாகாது. கதை வாசிக்கும் பத்து நிமிடம் விளையாட்டை விழுங்குவதில்லை. அழுது வாசிக்கும் பிள்ளை எதையும் கற்பதில்லை என்பதால், அழுகை வந்தால் அன்றைக்கு அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கைத்தொலைபேசியில் கதை வீடியோ பார்க்கிறதே, அது போதாதா என்பது இன்னொரு கேள்வி. வீடியோவில் நல்ல தமிழ் கேட்டால் காதுக்கு நல்லதுதான். ஆனால் அங்கே எழுத்துக்கூட்டும் வேலையை யாரும் செய்வதில்லை. பாதையைப் படத்தில் பார்ப்பதால் அதில் புல் முளைப்பது நிற்காது. புத்தகத்தை மட்டும் கொடுத்துவிட்டால் போதும் என்பதும் சரியல்ல. அமெரிக்காவில் ஜேம்ஸ் கிம் பல கோடைகாலங்கள் ஏழைப் பிள்ளைகளின் வீட்டுக்குப் புத்தகங்களை அனுப்பிச் சோதித்தார். வெறும் புத்தகம் பெரிதாக உதவவில்லை. பிள்ளையின் நிலைக்கேற்ற புத்தகத்தை ஆசிரியை தேர்ந்துகொடுத்து, எப்படி வாசிப்பது என்று வகுப்பில் காட்டி, வீட்டில் ஒருவர் கேட்டபோதுதான் பலன் தெரிந்தது.

புத்தகம் எங்கே கிடைக்கும் என்ற கேள்வி, கண்டி நகருக்குள் இருப்பவருக்கும் ஹந்தானை மலைக்கு அப்பால் இருப்பவருக்கும் ஒன்றல்ல. நகரத்தில் டி. எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்தப் பொது நூலகம் இருக்கிறது. கலஹாவிலிருந்தும் தெல்தோட்டையிலிருந்தும் பஸ் ஏறி வந்து, புத்தகம் மாற்றிப்போக ஒரு நாள் கூலியை இழக்க வேண்டிய தாய்க்கு அது நூலகமே அல்ல. அவருடைய பிள்ளைக்கு மிக அருகில் இருக்கும் நூலகம், விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பாடசாலை அலுமாரி. ஒக்டோபர் மாதத்தை நாடு வாசிப்பு மாதமாகக் கொண்டாடுகிறது. பதாகை கட்டி, போட்டி வைத்து, பரிசு கொடுக்கிறார்கள். அந்த மாதத்தில் பிள்ளைகள் பாடசாலையில்தான் இருக்கிறார்கள். எழுத்து காணாமல் அவர்கள் கழிக்கும் நாட்கள் ஏப்ரலிலும் ஓகஸ்டிலும் டிசம்பரிலும் வருகின்றன.

ஆகவே ஆரம்பப் பிரிவு ஆசிரியைகளிடமும் அதிபர்களிடமும் ஒரு வேண்டுகோள். தவணை முடியும் நாளில் தேர்ச்சி அறிக்கையோடு சேர்த்து, அலுமாரியிலிருந்து ஒரு சின்னக் கதைப் புத்தகத்தையும் ஒவ்வொரு பிள்ளையிடமும் கொடுத்தனுப்புங்கள். சில புத்தகங்கள் கிழிந்து வரும், சில வராமலே போகும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அறிக்கை வாங்க வரும் தாயிடம், உங்களுக்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை, தினமும் பிள்ளை பத்து நிமிடம் சத்தமாக வாசிப்பதைக் கேளுங்கள், கதை என்ன என்று மட்டும் கேளுங்கள் என்று நேரில் சொல்லி அனுப்புங்கள்.